பிரேயரில் நான் பாதி சொன்ன கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். ஆனால் 2015-இல் நம் பள்ளியில் படித்தவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

2015 ஜூன் 26, வெள்ளிக்கிழமை. உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாள். காலை பிரேயரில் எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். அதன்பிறகு தலைமையாசிரியர் என்ற முறையில் நான் பத்து நிமிடம் பேசினேன். ஒரு பட்டாளத்துக்காரனின் கதையைச் சொன்னேன். "இதே பள்ளியில், இதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தவன். நாட்டைக் காக்கப் போனான். போன இடத்தில் கஞ்சா பிடித்தான். விரட்டிவிட்டார்கள். பென்ஷன் இல்லை, மரியாதை இல்லை. இன்று மண்டியில் மூட்டை தூக்குகிறான்" என்றேன். மைதானமே அமைதியாக இருந்தது. நல்ல பேச்சு என்று சக ஆசிரியர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊர்ப்பக்கம் இந்த அளவு சொன்னால் பெயர் தேவையா?

அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றேன். அந்தப் பேச்சை மறந்தும் போனேன்.

2023-இல் ஓர் அமாவாசை நாள். மேல்மலையனூரில் அமாவாசை என்றால் உங்களுக்குத் தெரியும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு மதியத்திலிருந்தே பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். எங்கள் தெருவில் நடக்க இடம் இருக்காது. அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்திலிருந்து ஒருவன் ஒதுங்கி வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. கையில் துணிக்கடைப் பை.

"சார், அடையாளம் தெரியுதா?"

"தெரியாம என்னடா? உள்ள வா."

"இல்ல சார், திண்ணையே போதும்."

நான் பிரேயரில் சொன்ன கதையின் நாயகன் அவன்தான். 1998-இல் சிப்பாயாகச் சேர்ந்தவன். ஊரில் முதல் பட்டாளத்துக்காரன் என்று வழியனுப்ப செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரை நாங்கள் பத்துப் பேர் போனோம். 2010-இல் பென்ஷன் இல்லாமல் திரும்பி வந்தான். அதன்பிறகு என் எதிரில் வருவதையே தவிர்த்துவந்தான். நானும் கூப்பிட்டுப் பேசியதில்லை.

பையைப் பிரித்தான். உள்ளே அவனுடைய டிஸ்சார்ஜ் புக்கும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய சர்வீஸ் காகிதங்களும் இருந்தன. "என் டிஸ்சார்ஜை மாத்தச் சொல்லி மனு போடப் போறேன் சார். நீங்க ஒரு லெட்டர் குடுக்கணும்" என்றான்.

நான் வாத்தியார்தானே. முதலில் கேள்விதான் வந்தது. "நீ கஞ்சா பிடிச்சது பொய்யா?"

"உண்மை சார்."

"அப்புறம் எதை மாத்தச் சொல்ற?"

"பன்னண்டு வருஷத்துல அது நாலு தாள் சார். மீதித் தாளை யாரும் புரட்டிப் பாக்கல."

அந்த மீதித் தாள்களை அன்று இரவு நான் படித்தேன். படித்ததைப் பாடம் மாதிரி சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டாளத்தில் ஒருவன் தவறு செய்தால் பெரும்பாலும் கோர்ட் மார்ஷல் வரை போகாது. ராணுவச் சட்டம் 1950, பிரிவு 80-இன்படி கமாண்டிங் ஆபீசரே விசாரித்துத் தண்டனை கொடுக்கலாம். பெரிய தண்டனைகள் அவனுடைய ஏட்டில் சிவப்பு மையில் ஏறும். அப்படி நான்கு சிவப்பு மைப் பதிவுகள் சேர்ந்தால் 'இனி இவன் சேவை தேவையில்லை' என்று ராணுவ விதிகள் 1954, விதி 13-இன்படி வீட்டுக்கு அனுப்பலாம். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும். இவனுக்கு 12 ஆண்டுதான் முடிந்திருந்தது.

பென்ஷன் மட்டுமல்ல. ஒழுங்கீனம், திறமையின்மை என்ற காரணத்துக்காக அனுப்பப்பட்டவர் அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கான விதியில் 'முன்னாள் படைவீரர்' என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார். அந்தப் பெயரை ஒட்டி வரும் சலுகைகளும் கூடவே போய்விடும். தனியார் செக்யூரிட்டி வேலைக்குப் போனாலும் முதலில் டிஸ்சார்ஜ் புக்கைத்தான் கேட்பார்கள். அதைக் காட்ட வெட்கப்பட்டுத்தான் இவன் மண்டிக்குப் போயிருக்கிறான்.

இவனுடைய நான்கு பதிவுகளில் இரண்டு, லீவு முடிந்தும் போய்ச் சேராததற்கு. ஒன்று அம்மா சாகக் கிடந்தபோது, இன்னொன்று அம்மா செத்த பிறகு. மற்ற இரண்டும் கஞ்சா. அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று கேட்டேன். ராஜஸ்தான் எல்லை என்றான். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படைகளைக் குவித்தார்களே, 'ஆபரேஷன் பராக்ரம்', அப்போது. போர் நடக்கவில்லை. ஆனால் எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைத்தார்கள், பிறகு எடுத்தார்கள். அதில் வெடித்துச் செத்த வீரர்கள் பலர். இவன் கண்ணெதிரில் ஒருவன் போனான். பக்கத்துக் கட்டிலில் படுப்பவன். அதன்பிறகு தூக்கம் வரவில்லை என்றான். மற்றபடி நடந்ததை விவரிக்கவில்லை. நானும் துருவவில்லை.

இதைச் சொல்லி அவன் தப்பை நியாயப்படுத்தவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவன் போதையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவன் உயிருக்கு ஆபத்து. பட்டாளம் அதைக் கண்டிப்பது சரிதான். அவனும் அதை மறுக்கவில்லை.

ஆனால் ராணுவத் தலைமையகமே 1988 டிசம்பர் 28 அன்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. நான்கு சிவப்பு மைப் பதிவு என்றதும் அனுப்பியே தீர வேண்டும் என்பது கட்டாயமில்லை. முதலில் பாரபட்சமில்லாத விசாரணை நடக்க வேண்டும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். ஒவ்வொரு பதிவும் எந்த மாதிரித் தப்புக்கு வந்தது, எத்தனை வருட சர்வீஸ், எப்படிப்பட்ட கஷ்டமான இடங்களில் இருந்தான் என்று பார்க்க வேண்டும். பென்ஷனை நெருங்கியவனிடம் கடுமை காட்டக் கூடாது. இதுதான் அதன் சாரம். இவன் வாங்கிவந்த காகிதங்களில் நோட்டீஸ் இருக்கிறது, விசாரணை நடந்ததற்கான தாள் இல்லை.

இந்தச் சுற்றறிக்கையை வைத்துத்தான் வீரேந்திர குமார் துபே என்ற படைவீரரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பதிவுகளை எண்ணிப் பார்த்து எந்திரம் மாதிரி அனுப்பியது செல்லாது என்றது. பென்ஷனுக்குத் தேவையான காலம் முடியும்வரை அவர் பணியில் இருந்ததாகவே கருத வேண்டும், இடைப்பட்ட காலச் சம்பளம் மட்டும் கிடையாது என்றது. தீர்ப்பு வந்த நாள் 2015 அக்டோபர் 16. நான் பிரேயரில் பேசி நான்கு மாதம்கூட ஆகவில்லை.

எல்லோருக்கும் அப்படியே கிடைத்துவிடாது. 2019-இல் சத்குர் சிங் என்பவர் வழக்கில், அனுப்பியது சரிதான் என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆளைப் பொறுத்தது, காகிதத்தைப் பொறுத்தது.

அமெரிக்காவில் டிஸ்சார்ஜின் தரத்தை உயர்த்தித் தருவதற்கென்றே மறுஆய்வு வாரியங்கள் இருக்கின்றன. 15 ஆண்டுகளுக்குள் படிவம் பூர்த்தி செய்து விண்ணப்பிக்கலாம். வியட்நாம் போரிலிருந்து மனம் உடைந்து வந்தவர்களின் மனுக்களைத் தாராள மனதோடு பார்க்கச் சொல்லி 2014-இல் அங்கே பாதுகாப்பு அமைச்சராக இருந்த சக் ஹேகல் உத்தரவே போட்டார். நம் நாட்டில் அப்படித் தனி வாரியம் இல்லை. ராணுவத்துக்குள்ளேயே மேல்மனு, அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2009 முதல் இயங்குகிறது. நமக்குச் சென்னை அமர்வு.

இதெல்லாம் படித்து முடித்த மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். "சட்டப்படி உன் கேசுக்கு என் லெட்டரால பெரிய பலன் இல்லடா. உன் சர்வீஸ் காகிதம்தான் பேசணும். என் லெட்டர் எதுக்கு?" என்றேன்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான். "மனுவுக்கு இல்ல சார். என் பொண்ணுக்கு."

அவன் மகள் 2015-இல் நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஜூன் 26 அன்று பிரேயரில் வரிசையில் முன்னால் நின்றிருக்கிறாள். பள்ளிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. நான் பேசி முடித்ததும் பின்னால் நின்ற பிள்ளைகள் அவள் சடையை இழுத்து, "உங்கப்பாதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் அவளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டான். டி.சி.யில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஏன் மாற்றுகிறாய் என்று கேட்கவில்லை. நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதியிருப்பேன். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதினேன்.

என்னால் அன்று சாப்பிட முடியவில்லை. "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று வீட்டில் கேட்டார்கள். அவர்களிடமும் சொல்ல வாய் வரவில்லை.

முப்பத்து நான்கு வருடம் சிவப்புப் பேனா பிடித்தவன் நான். 35-க்குக் கீழே வாங்கிய மார்க்கை அடிக்கோடு போட்டது இந்தக் கைதான். அடுத்த தேர்வில் 60 வாங்கினால் பழைய கோட்டைக் காட்டிக் கேலி செய்யக் கூடாது என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்த நியாயத்தை என் மாணவன் ஒருவனுக்கு நான் கொடுக்கவில்லை. அவன் 2013-இல் அரசு மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்திருக்கிறான். அன்றிலிருந்து பீடிகூடத் தொட்டதில்லை. நான் பிரேயரில் பேசியபோது அவன் விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னவன் நான்.

கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவன் தப்பே செய்யவில்லை என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அவனே வாங்கியிருக்க மாட்டான். 1998-இல் அவனை வழியனுப்பியதை எழுதினேன். அவனாகப் போய்ச் சிகிச்சை எடுத்ததை எழுதினேன். விசாரிக்காமல் பிரேயரில் பேசியது என் தவறு என்றும் எழுதினேன். அதை அவன் மனுவோடு வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனான்.

ராணுவத்துக்குப் போட்ட மேல்மனுவுக்குச் சாதகமான பதில் வரவில்லை. தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறான். இத்தனை ஆண்டு தாமதத்தை மன்னிக்கும்படி தனியாக ஒரு மனுவும் சேர்த்திருக்கிறார்கள். அந்த முதல் படியைத் தாண்டுவதே கஷ்டம் என்று வக்கீல் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். விசாரணைக்குக் காத்திருக்கிறோம். நல்லபடி முடிந்தால் இங்கேயே சொல்கிறேன். முடியாவிட்டாலும் சொல்கிறேன்.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இதே நிலை இருந்தால் இரண்டு விஷயம். ஒன்று, தாமதிக்காதீர்கள். மேல்மனு மீது இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்தால் காலம் ஓடிவிடும். இவனுக்கு நடந்தது அதுதான். இரண்டு, பழக்கத்தில் சிக்கியவர் இருந்தால் மறைக்காதீர்கள். 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது.

இந்தப் பதிவை எழுதியதும் முதலில் அந்தப் பெண்ணுக்குத்தான் அனுப்பினேன். இப்போது நர்ஸாக வேலை பார்க்கிறாள். "போடுங்க சார். எங்கப்பா பேரு மட்டும் வேணாம்" என்றாள். சிறிது நேரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. "அப்பா மண்டிக்கு ஒருநாள்கூட லீவு போட்டதில்ல சார். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன் அம்மா.

2015-இல் மைதானத்தில் நின்ற பிள்ளைகளே, அன்று நான் சொன்ன கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதி இதுதான். அந்தப் பாதியை நீங்கள் யாரிடமாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து இதையும் சொல்லிவிடுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
உங்கள் சார்