குமுளிக்கு ஒரு கரண்ட் கார்ப் பிரயாணம்

"அல்லிநகரத்திலேருந்து குமுளி என்ன, அமெரிக்காவா? அறுபது கிலோ மீட்டர் சொச்சம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடலாம்" என்றார் என் கணவர். பெட்ரோல் கார் இருந்தபோது நானும் அப்படித்தான் சொல்வேன். இப்போது எங்களிடம் இருப்பது பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சாரக் கார். சின்னப் பேட்டரி, 30 யூனிட்தான் பிடிக்கும்.

குமுளியில் நாத்தனார் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் இவர்தான். இவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பத்தரைக்கு முகூர்த்தம். முதல் நாள் இரவே காரைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுத்தோம். காற்றும் மழையுமாக நடு ராத்திரியில் கரண்ட் போனது யாருக்குத் தெரியும்? விடிகாலை நாலரைக்குப் பார்த்தால் 45 சதவீதம்தான் ஏறியிருக்கிறது!

"வழியில பங்க்ல போட்டுக்கலாம்" என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, அத்தை, ஐந்து வயது மகன், கைக்குழந்தை, சீர்த் தட்டுகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அந்த நேரத்தில் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறீர்களா? வீரபாண்டி தாண்டினால் இரண்டு பக்கமும் மலை, நடுவில் பச்சை. சின்னமனூர் வாழைத் தோட்டங்கள், உத்தமபாளையம் வயல்கள், பிறகு கம்பத்துத் திராட்சைப் பந்தல்கள். ஜன்னலைத் திறந்தாலே சில்லென்ற காற்று. ஏ.சி. போடாததால் கரண்டும் மிச்சம்!

பங்க்குக்கு வந்தோம். செல்போன் ஆப்பில் பச்சை விளக்கு, 'தயார்' என்கிறது. மெஷினோ இருண்டு கிடக்கிறது. தூங்கி எழுந்து வந்த பையன், "ரெண்டு நாளா ஓடலக்கா. கம்பெனிக்குச் சொல்லியாச்சு" என்றான். நெடுஞ்சாலையில் 25 கிலோ மீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் இருக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2018-லேயே நெறிமுறை சொல்லியிருக்கிறது. இருந்தால் போதுமா? வேலை செய்ய வேண்டாமா?

"வண்டியில மாடு கட்டிப் போனப்பக்கூட, போற எடத்துல வைக்கோல் கெடைக்குமான்னு கேட்டுக்கிட்டுத்தாய்யா கெளம்புவோம்" என்றார் அத்தை. இவர் வாயைத் திறக்கவில்லை.

லண்டனில் என் தம்பி வைத்திருப்பது பிளக்-இன் ஹைப்ரிட் என்ற வகை. பேட்டரியும் உண்டு, பெட்ரோல் டேங்கும் உண்டு. சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். அவனுக்கு இந்தக் கவலை இல்லை. நம் ஊரில் அந்த வகைக் கார்கள் மிகக் குறைவு, விலையும் எட்டாது. நமக்குப் பேட்டரி தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

கம்பம் சேர்ந்தபோது 23 சதவீதம். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலைமேல் இருக்கிறது. ஆட்கள் ஏறிய காரின் எடையை ஒண்ணே முக்கால் டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அரை கிலோ மீட்டர் உயரம் தூக்க மட்டுமே இரண்டரை யூனிட்டுக்குக் கிட்டே வேண்டும். தூரத்துக்குச் செலவாவது தனி. கைக்குழந்தையோடு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டால்? "சித்தி வீட்டுக்கு விடுங்க" என்றேன்.

சித்தி வீட்டில் ஏ.சி.க்குப் போட்ட 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது. காரோடு கொடுத்த கேபிளைச் செருகினால் பெட்டியில் சிவப்பு விளக்கு! இரண்டாவது முறையும் சிவப்பு. எக்ஸ்டென்ஷன் வயர் கொண்டு வரப் போனார் தம்பி முறைப் பையன். அது கூடவே கூடாது, சூடேறி உருகிவிடும். நல்லவேளை, அடுத்த தெருவிலேயே வயர்மேன். வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்தவர், "எர்த்தே இல்லியேம்மா. எர்த் இல்லேன்னா இந்த கார் கரண்ட் எடுக்காது" என்றார்.

"அதான் கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்குதா! ஒரு வருஷமா செருப்புப் போட்டுக்கிட்டுல்ல மாவாட்டுறேன்" என்றார் சித்தி, சாதாரணமாக. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அதே வீட்டில் குளியலறையில் ஹீட்டர், ஈரக் கையோடு ஓடும் பேரப்பிள்ளைகள்!

கொல்லையில் எர்த் குழியில் கம்பி துருப்பிடித்து அற்றுப் போயிருந்தது. புதுக் கம்பி முறுக்கி, குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். கசிவு ஏற்பட்டால் கண நேரத்தில் கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் ஒன்றும் மாட்டச் சொல்லி, சித்தியிடம் சத்தியமே வாங்கிவிட்டேன். ஏழு மணிக்கு விளக்கு பச்சையானது.

இந்த முறையில் மணிக்கு மூன்று யூனிட்தான் ஏறும். இட்லி சாப்பிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டி, ஒன்பதேகாலுக்குப் பார்த்தால் 45! போதும் என்று ஓட்டம் பிடித்தோம். மலையேறும்போது ஒவ்வொரு சதவீதமாகக் குறைவதை அத்தை, "முப்பதுய்யா... இருபத்தொம்பதுய்யா..." என்று ஏலம் போட்டுக்கொண்டே வந்தார். குமுளியில் 23. முகூர்த்தத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் மிச்சம். மருமகள் மாமன் மடியில் அலறின அலறலில் எங்கள் அவஸ்தையெல்லாம் மறந்துபோனது.

இறங்கும்போதுதான் வேடிக்கை. மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன அல்லவா? 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் அதில் விழுந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரமாகிறது. மகனுக்கு அதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே, "அம்மா, நம்ம காரும் கரண்ட் பண்ணுது!" என்று கத்தினான். மெய்தான். இறக்கத்தில் சக்கரம் சுழலும் வேகத்தை மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரிக்கே தருகிறது. அடிவாரத்தில் 26!

திரும்பும் வழியில் வேறொரு பங்க்கில் வேகச் சார்ஜர் கிடைத்தது. இந்த முறை முன்னாலேயே போன் செய்து, ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டோம். கட்டணம் வீட்டுக் கரண்டைவிடப் பல மடங்கு, அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு. 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறும், அதற்குமேல் நத்தைதான். ஆகவே 80-ல் எடுத்துவிடுங்கள். பின்னால் நிற்பவருக்கும் உபகாரம்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. கழிப்பறையோ பூட்டிக் கிடந்தது. பங்க்கில் குடிதண்ணீரும் கழிப்பறையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி, சகோதரிகளே! கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டேன், சாவி வந்தது. உட்காரத்தான் ஒரு பெஞ்சும் இல்லை, நிழலும் இல்லை. நான் காருக்குள்ளேயே முந்தானையை மறைத்துக்கொண்டு பால் கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் பெட்ரோல் போட்டுப் போகிறவர்களுக்குக் கட்டின இடம் அது. முக்கால் மணி காத்திருக்கிறவர்களில் பிள்ளைக்காரியும் இருப்பாள் என்று மெஷினை வைத்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

வீடு வந்ததும் இவர் காரைக் கழுவப் போனார். நான் கொல்லைக்குப் போய் எங்கள் எர்த் குழியைத் தேடினேன். அதன்மேல் துவைக்கிற கல்லைப் போட்டு வைத்திருக்கிறோம். "இந்தக் கல்லை முதல்ல நகத்துங்க" என்று அவரைக் கூப்பிட்டேன்.