ஓட்டமும் நிறுத்தமும்

ஆரம்பாக்கத்தை ஒட்டி விரியும் பழவேற்காடு ஏரியைப் போன்ற உவர்நீர்நிலைகளின் ஈரமணற் கரைகள் புலிவண்டுகளுக்கு ஏற்ற வேட்டைக்களம். காலடி ஓசை எழுந்ததும் அவை விருட்டென ஓடும், சட்டென நிற்கும். ஆஸ்திரேலியப் புலிவண்டு இனம் ஒன்று நொடிக்கு 2.5 மீட்டர் கடக்கிறது. அத்தகைய வேகத்தில் கண்ணுக்குப் போதிய ஒளி எட்டாமையால் இரையின் உருவம் மங்கிவிடும். ஆகவே வண்டு நின்று, இரையை மீண்டும் நோக்கி, மறுபடி ஓடும். ஒளிப்படக் கலைஞருக்கு வாய்ப்பது அந்த நிறுத்தம் மட்டுமே.

மிக நெருங்கி எடுக்கும் படத்தில் தெளிவாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். மூச்சின் அசைவே படத்தைக் கெடுத்துவிடும். இதனால் வண்டைப் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, விறைத்தபின் படமெடுப்போரும் உளர். அப்படத்தில் நிறமும் வடிவும் இருக்கும். பாயக் காத்திருக்கும் கால்களின் முறுக்கு இராது.

பொறுமையுடையோர், வெயிலேறி வண்டின் உடல் சூடாகும் முன்பே வருவர். தம் நிழல் அதன்மேல் விழாதவாறு மணலில் மார்பு படிய ஊர்ந்து செல்வர். ஊருமுன் அவர்கள் மணலை ஒருமுறை உற்றுநோக்குவதும் உண்டு. புலிவண்டின் இளம்புழுக்கள் மண்ணில் செங்குத்தான வளைகளுக்குள் இரைக்காகக் காத்திருக்கும். அவ்வளைகளைச் சிதைத்துப் பெறும் ஒரு படம், நாளை ஓடவேண்டிய வண்டுகளை விலையாகக் கொண்டுவிடும்.