ஐந்து லீட்டர் தந்த பாடம்



மட்டக்குளியில் இருக்கும் எங்கள் சிறிய வீட்டின் வரவு செலவுக் கணக்கை இன்று உங்கள் முன் திறந்து வைக்கப் போகிறேன். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. என்றாலும் நான் செய்த இதே தவறை, பிள்ளைகள் தூங்கிய பிறகு கையில் போனை வைத்துக்கொண்டு, எத்தனையோ வீடுகளில் எத்தனையோ தாய்மார் செய்துகொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் இதை வாசித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டால் எனக்கு அது போதும்.

என் மூத்த மகள் பிறந்து நாற்பது கழிந்த அன்று, என் உம்மா அவளுக்கு ஒரு பவுணில் மாலை ஒன்று போட்டார். தையல் மெஷினில் குனிந்து குனிந்து சேர்த்த காசில், செட்டியார் தெருவில் செய்வித்த மாலை அது. “இது ஒங்கட இல்ல மகள், புள்ளட. நீங்க காவல் மட்டுந்தான்” என்று சொல்லித்தான் என் கையில் தந்தார்.

2022 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்த மாலையை நான் அடகு வைத்தேன். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நாட்கள் உங்களுக்கும் மறந்திருக்காது. என் கணவர் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். ஜூன் மாதக் கடைசியில் பெற்றோல் ஒரு லீட்டர் 470 ரூபாவுக்கு ஏறியது. ஏறினாலும் பரவாயில்லை, கிடைத்தால் போதும் என்றிருந்த நேரத்தில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் இரண்டு வாரங்களுக்கு நிறுத்திவிட்டது. வண்டி வாசலில் நின்றது. அடுப்பும் பல நாட்கள் அப்படியே நின்றது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. வட்டி என்று தெரிந்தே, வேறு வழி காணாமல், ஒரு இலட்சம் ரூபாவுக்கு மாலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். “ஒரு வருசத்துல மீட்டிருவேன்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வருடம் போனது. இரண்டு வருடமும் போனது. ஒவ்வொரு தடவையும் வட்டியைக் கட்டித் தவணையை நீட்டினேனே தவிர, முதலில் ஒரு சதமும் குறையவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் “எங்க காசு மிஞ்சுது?” என்பதுதான் என் பதில். அது பொய் என்று எனக்கே தெரியாது.

நிலைமை கொஞ்சம் சீரானதும் நான் வீட்டிலிருந்தே சமூசா, ரோல்ஸ் செய்து கடைகளுக்கும் விசேடங்களுக்கும் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். ஓடர் தருபவர்கள் காசை நேரே என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார்கள். போனில் ‘டிங்’ என்று சத்தம் கேட்கும். மனதுக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்தக் காசு போனில் வந்தது போலவே போனிலேயே போய்க்கொண்டும் இருந்தது. இரவில் முகநூலில் நேரலையாக உடுப்பு விற்பார்கள். “இன்னும் ரெண்டுதான் ஈக்கு, கெதியா சொல்லுங்க” என்பார்கள். ஒரு ஷோல், ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒட்டாத தாச்சி, நடந்தால் வெளிச்சம் வரும் பிள்ளைச் செருப்பு... எல்லாமே “ரெண்டாயிரந்தானே”, “ஆயிரத்து ஐந்நூறுதானே!”

2025 ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் இரவு, மகள் என் போனை வாங்கினாள். வங்கியிலிருந்து வந்திருந்த எஸ்.எம்.எஸ்.களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தன் கணக்குக் கொப்பியின் பின் பக்கத்தில் எழுதினாள். ஆறு மாதத்தில், வீட்டுச் செலவைச் சேர்க்காமல், இப்படிப் போனது மட்டும் 61,450 ரூபா. கூட்டி முடித்தவள் என்னைக் குறை சொல்லவில்லை.

“உம்மா, மாலைக்கு இன்னம் எவ்வளவு கட்டோணும்?” என்று மட்டும் கேட்டாள்.

சகோதரிகளே, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்திருக்கிறாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கோபப்படவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “வாரத்துக்கு அஞ்சு லீட்டர் தந்த காலத்துல நான் எப்பிடி ஓடினேன்? அதே மாதிரி ஒங்கட போனுக்கும் ஒரு கோட்டா போடுங்க.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

2022 ஜூலையில் வந்த தேசிய எரிபொருள் அனுமதி அட்டை உங்கள் நினைவில் இருக்கும். அந்தக் கியூஆர் படத்தைக் காட்டினால்தான் பெற்றோல். தொடக்கத்தில் முச்சக்கரவண்டிக்கு வாரம் ஐந்து லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு நான்கு, காருக்கு இருபது. அளவு முடிந்ததா, இயந்திரம் ‘இல்லை’ என்றுவிடும். கெஞ்சவும் முடியாது, சண்டை பிடிக்கவும் முடியாது. கெஞ்ச முடியாது என்று தெரிந்ததால்தான் என் கணவர் திங்கட்கிழமையே யோசித்து ஓடினார். வீணாக ஒரு சுற்றும் சுற்றவில்லை. 2023 செப்டெம்பர் முதலாம் திகதி அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் பாடம் என் வீட்டுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. ஆசை வந்து நிற்கும் நேரத்தில் மனதோடு மல்லுக்கட்டி வெல்வது கஷ்டம். மனம் அமைதியாக இருக்கும் நேரத்திலேயே அளவைக் குறித்து, பூட்டையும் போட்டுவிட வேண்டும்.

“காசாகக் கொடுத்தால் கை நடுங்கும், கார்டில் கொடுத்தால் தெரியாது” என்று உம்மா சொல்வார். அது வெறும் பேச்சல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2001 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கூடைப்பந்தாட்ட டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். காசாகக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களை விட, கடனட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். டிக்கெட் ஒன்றுதான். காசு பையிலிருந்து போகும் வலிதான் குறைந்துவிட்டது. இன்று கார்டைக்கூட எடுக்கத் தேவையில்லை. போனைக் காட்டினாலே போதும். அந்த வலி இன்னும் குறைந்திருக்கிறது.

சரி, போனை வீசிவிடலாமா? என் சம்பாத்தியமே அதில்தானே வருகிறது! அதனால் எடுப்பதற்கு உதவிய அதே கருவியைத் தடுப்பதற்கும் பழக்கினேன். நான் செய்தவை இவைதான்.

முதலாவது, இன்னொரு கணக்குத் திறந்தேன். அதற்குக் கார்ட் எடுக்கவில்லை, போனிலும் இணைக்கவில்லை. புத்தகம் மட்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் திகதி 5,000 ரூபா அந்தக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தேன். ‘ஸ்டாண்டிங் ஓடர்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அன்றைக்குக் கணக்கில் காசு குறைவாக இருந்தால் என்ன நடக்கும், கட்டணம் ஏதும் உண்டா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டி வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அமானா வங்கி 2011 முதல் நம் நாட்டில் வட்டியில்லா முறையில் இயங்குகிறது.

இரண்டாவது, வாரக் கோட்டா. கார்ட் இருக்கும் கணக்கில் சனிக்கிழமை தோறும் அந்த வாரத்துக்கு உரியதை மட்டும் போடுகிறேன். அது முடிந்தால், பெற்றோல் ஷெட் இயந்திரம் போல, கார்டும் ‘இல்லை’ என்றுவிடும்.

மூன்றாவது, கடைகளின் செயலிகளில் சேமித்து வைத்திருந்த கார்ட் இலக்கங்களை அழித்தேன். பல வங்கிகளின் செயலியில், இணையத்தில் வாங்குவதை மட்டும் நிறுத்தி வைக்கவும் நாளாந்த எல்லையைக் குறைக்கவும் வசதி இருக்கிறது. என்னுடையதை நிறுத்தியே வைத்திருக்கிறேன். தேவையென்றால் திறக்கலாம். ஆனால் திறப்பதற்குள் இரண்டு நிமிடம் போகும். அந்த இரண்டு நிமிடத்தில் பாதி ஆசை அடங்கிவிடுகிறது!

நான்காவது, விரும்பிய பொருளை உடனே வாங்காமல் கொப்பியில் எழுதி மூன்று நாள் வைக்கிறேன். நான்காம் நாள் பார்த்தால், இதை ஏன் எழுதினேன் என்றே சிலவேளை ஞாபகம் வருவதில்லை.

இப்படியெல்லாம் செய்தும் நான் ஒரு தடவை வழுக்கி விழுந்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த வருட நோன்புக்கு முன், இரண்டு அபாயாக்கள். கார்டைத் தொடவே இல்லை. பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து தந்து காசை வாங்கிக்கொள்ளும் முறையில் எடுத்தேன். கடைக்காரர்கள் கையில் தந்த காசு அலுமாரி டின்னில் இருந்தது. அதற்குப் பூட்டு இல்லையே! பையன் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, மகள்தான் போய்க் கதவைத் திறந்தாள். பொதியை என்னிடம் தந்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து கடைக்காரர்களிடமும் காசைக் கணக்கிலேயே போடச் சொல்லிவிட்டேன். ‘மூன்று தவணையில் கட்டலாம், வட்டியில்லை’ என்று வரும் அழைப்புகளையும் தொடுவதில்லை. வட்டி இல்லாவிட்டாலும், பிந்தினால் தண்டப் பணம் கேட்பார்கள். அதைவிட, இன்றைய ஆசைக்கு அடுத்த மாதச் சம்பாத்தியம் போய்விடுகிறது.

அந்த வழுக்கலுக்குப் பிறகு ஒன்று விளங்கியது. இயந்திரத்துக்கு வெட்கம் தெரியாது. மனிதருக்குத் தெரியும். நம் உம்மும்மாமார் சீட்டுப் பிடித்தது ஏன்? வீட்டில் வைத்தால் கரையும் காசு, சீட்டில் போட்டால் கரையாது. நடுவில் எடுக்கவும் முடியாது, கட்டாமல் விட்டால் பத்து வீட்டுக்கும் தெரிந்துவிடும். மண் உண்டியலும் அப்படித்தான். உடைத்தால்தான் எடுக்கலாம், உடைத்தால் சத்தம் கேட்கும். ஆகவே இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நானும் மகளும் உட்கார்ந்து அந்த வாரத்து எஸ்.எம்.எஸ்.களைச் சேர்ந்து வாசிக்கிறோம். என் பூட்டின் சாவி அவளுடைய பார்வைதான்.

பூட்டின் பலனை உலகில் பிறரும் கண்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, தாம் குறித்த நாளோ தொகையோ வரும் வரை எடுக்க முடியாத கணக்கொன்றை 710 வாடிக்கையாளருக்கு முன்வைத்தது. அதற்காக மேலதிக வட்டி எதுவும் இல்லை. அப்படியிருந்தும் 202 பேர் சேர்ந்தார்கள். ஒரு வருடத்தில், அந்தக் கணக்கு முன்வைக்கப்படாதவர்களோடு ஒப்பிடும்போது, முன்வைக்கப்பட்டவர்களின் சேமிப்பு 81 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்திருந்தது. 2006 இல் இந்த ஆய்வு வெளியானது. மலேசியாவில் கிராமத்து மக்கள் ஹஜ்ஜுக்காகக் காசை வீட்டில் ஒளித்து வைப்பதையும், நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து வறுமையில் வாடுவதையும் கண்ட பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ், 1959 இல் ஒரு யோசனையை முன்வைத்தார். அதிலிருந்து 1963 இல் பிறந்த நிறுவனமே இன்றைய தாபுங் ஹாஜி. சிறுகச் சிறுக, ஒரே நோக்கத்துக்காக, வட்டி கலக்காமல் சேமிக்கும் வழி அது. நோக்கத்துக்கு ஒரு பெயர் இருந்தால் அந்தக் காசில் கை வைக்க மனம் வராது. என் புத்தகத்தின் அட்டையில் மகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

இதை எழுதும்போது பத்து மாதங்கள் முடிந்திருக்கின்றன. சேரச் சேர அடகில் கட்டியதில், ஒரு இலட்சத்தில் 50,000 ரூபா குறைந்திருக்கிறது. கடன் குறையக் குறைய வட்டியும் குறைகிறது. மாலை இன்னும் வீட்டுக்கு வரவில்லை. இன்ஷா அல்லாஹ், இன்னும் பத்து மாதம்.

இதில் நான் கெட்டித்தனம் எதுவும் செய்துவிடவில்லை, சகோதரிகளே. வீண்விரயத்தைப் பற்றி நாம் சிறு வயதிலிருந்தே எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்டதை நினைவில் வைத்திருந்த எனக்கு, இரவு பதினொரு மணிக்கு மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. அந்த நேரத்துக்காகத்தான் பூட்டு.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றிரவு போனை எடுத்தால் கடைப் பக்கம் போகாதீர்கள். வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்.களைத் திறந்து, ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வரும் தொகையின் பக்கத்தில், உங்கள் வீட்டில் மீட்கப்படாமல் இருக்கும் பொருளின் பெயரை எழுதுங்கள். மகனின் படிப்போ, உம்மாவின் உம்ராவோ, ஒழுகும் கூரையோ, ஏதாவது ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்.

நம் கைகளில் தரப்பட்ட அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.