நெட்டுக்கு ஓடிய மனுஷன்

1990 ஜூலை. திருவல்லிக்கேணி மேன்ஷன். கீழே டி.வி. முன்னால் இருபது பிரம்மச்சாரிகள். விம்பிள்டன் ஃபைனல்! பெக்கர் கட்சியில் பதினெட்டு பேர். எட்பர்க் கட்சியில் நானும் என் ரூம்மேட்டும்தான்.

முதல் ரெண்டு செட் 6-2, 6-2. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டோம். அடுத்த ரெண்டும் 3-6, 3-6. இறக்கி விட்டுக்கொண்டோம். ஐந்தாவது செட்டில் பெக்கர் 3-1! ‘பார்க்க முடியலைடா’ என்று ரூம்மேட் மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

எட்பர்க் அலட்டிக்கொள்ளவே இல்லை. சர்வீஸ் போட்டதும், கிளம்புகிற பஸ்ஸைப் பிடிக்கிறவர் மாதிரி நெட்டுக்கு ஓட்டம். பந்து தரையைத் தொடுவதற்குள் ஒரு வாலி. 6-4! மூணு மாடி மூச்சிரைக்க ஏறிப்போய்ச் சேதி சொன்னேன்.

2001-ல் விம்பிள்டனில் புல்லையே மாத்திட்டாங்க. முழுக்க ரை புல். தரை கெட்டி, பந்து எழும்பி நிற்கிறது. பாலியஸ்டர் நரம்பு வேறு வந்துவிட்டதா... நெட்டுக்கு வருகிறவர் காலடியில் சுழன்று விழுகிறது பந்து. யார் ஓடுவாங்க? 2002 ஃபைனலில் ஹெவிட்டும் நல்பாந்தியனும் பின்கோட்டிலேயே நின்று முடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் பேச ரூம்மேட் இல்லை. ஒரு கைமாத்து விவகாரத்தில் (தராதது நான்தான்) எங்கள் பேச்சு நின்றுபோயிருந்தது.

2014-ல் எட்பர்க்கைக் கோச்சாகப் போட்டுக்கொண்டு ஃபெடரர் மறுபடி நெட்டுக்கு வர ஆரம்பித்தார். விம்பிள்டன் ஃபைனல், ஜோகோவிச்சோடு. ஐந்தாவது செட்டில் 6-4, தோல்வி. மனசு கேட்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அவனுக்குப் போன் போட்டேன்.

“மொட்டை மாடில நிக்கிறேன்டா,” என்றான். “முடிஞ்சுதா?”