ஒரே வரப்பு, இரண்டு கணக்கு

எடிசன், நியூஜெர்ஸி



சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி போகும் பக்கம் அப்பா விட்டுப்போன பூமி ஒன்று எனக்கும் தம்பிக்கும் பொதுவில் இருக்கிறது. குச்சிக்கிழங்கு போட்ட காடு. ஜவ்வரிசி மில் வைத்திருக்கும் ஒருவர் அதை விலைக்குக் கேட்கிறார். விலையும் ஏறக்குறையப் படிந்துவிட்டது. "பவர் எழுதி அனுப்பிருங்க்கா, மத்ததை நான் பாத்துக்கறனுங்க" என்றான் தம்பி. அட்வான்ஸ் வாங்காதே, முதலில் வரி வக்கீலைப் பார்க்க வேண்டும் என்றேன். அவனுக்கு மனத்தாங்கல். "நம்ம ஆடிட்டர் போதாதுங்களா? அப்பாவோட லாரிக் கணக்கெல்லாம் அவருதானுங்க பாத்தாரு."

நாமக்கல் வட்டாரத்தில் வரி என்றாலே ஆடிட்டர்தான். ரிட்டர்ன் போடவும் அவர், நோட்டீஸ் வந்தாலும் அவர். பெரும்பாலும் அது சரியும்கூட. லாரி வாடகை, கோழிப்பண்ணை வரவு செலவு, சம்பளம், வட்டி என்று கணக்கை நேர்செய்து தாக்கல் செய்ய வக்கீல் எதற்கு? வருமான வரித்துறையின் அப்பீல் கமிஷனர் முன்பும், அதற்கு மேலே சென்னையிலுள்ள தீர்ப்பாயத்திலும்கூட ஆடிட்டரே ஆஜராகி வாதாடலாம். உயர் நீதிமன்றத்துக்குத்தான் வக்கீல் கட்டாயம். அங்கே போன பிறகு தேடிக்கொள்ளலாமே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. உயர் நீதிமன்றம் எடுத்துக்கொள்வது சட்டக் கேள்வியை மட்டும்தான். நடந்தது என்ன, எந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் தீர்ப்பாயத்தோடு முடிந்துவிடும். கிரயம் முடிந்து கைநாட்டும் வைத்த பிறகு வருகிற கட்சிக்காரருக்கு எந்த வக்கீலாலும் பெரிதாகச் செய்ய முடியாது.

எங்கள் காட்டையே எடுத்துக்கொள்கிறேன். கிராமத்து விவசாய நிலம் இந்திய வருமான வரிச் சட்டத்தின்படி மூலதனச் சொத்து ஆகாது. விற்ற லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் 10,000 பேருக்குக் குறையாத நகராட்சி எல்லைக்குள் இருந்தால் அந்தச் சலுகை போய்விடும். எல்லைக்கு வெளியே 2 கிலோமீட்டருக்குள் இருந்தாலும் போய்விடும். மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் 6 கிலோமீட்டர், பத்து லட்சத்தைத் தாண்டினால் 8. ரோட்டு வழியாக அளப்பதா நேர்க்கோட்டில் அளப்பதா என்று நாடு முழுக்க வழக்காடி, கடைசியில் 2013-ல் வான்வழித் தூரம்தான் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் என்றானபோது பிரிவு எண்களெல்லாம் மாறின; இந்த 2 கிலோமீட்டர் மாறவில்லை.

சேந்தமங்கலம் பேரூராட்சி. பத்தாயிரத்தைத் தாண்டிய ஊர். சட்டமோ நகராட்சி, மாநகராட்சி என்று அடுக்கிவிட்டு, வேறு எந்தப் பெயரில் இருந்தாலும் சரி என்று ஒரு வாலையும் ஒட்டியிருக்கிறது. அந்த வாலில் பேரூராட்சி மாட்டுமா? எந்தக் கணக்கெடுப்பின் மக்கள்தொகையை எடுப்பது? நாமக்கல் 2024-ல் மாநகராட்சியாகிவிட்டதே, அதன் வட்டம் எதுவரை வரும்? இவை கூட்டிக் கழித்துச் சொல்லும் பதில்கள் இல்லை. வாதாட வேண்டிய விஷயம். வாதாடுவதற்குக் காகிதம் வேண்டும்: கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய அடங்கலில் வருஷா வருஷம் குச்சிக்கிழங்கு என்று பயிர்ப் பத்தியில் ஏறியிருக்கிறதா, தூரத்துக்குத் தாசில்தார் சான்று உண்டா என்பதை வக்கீல் முதல் நாளே கேட்கிறார். பத்திரம் பதிவான பிறகு அதே அடங்கலைத் தேடிப் போனால் காடு மில்லாக மாறியிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் எனக்கு இன்னொரு முடிச்சு. நிலம் வட்டத்துக்குள் விழுந்து வரி உண்டு என்று ஆனால், மொத்த விலை 50 லட்சத்தைத் தொட்டால்தான் தம்பியின் பங்கில் வாங்குபவர் பிடிப்பார், அதுவும் ஒரு சதவீதம். என் பங்குக்கு அந்த வரம்பே கிடையாது. 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும், தொகை பெரிதானால் சர்சார்ஜும் பிடிக்க வேண்டும். லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. பிடிக்காமல் விட்டால் மாட்டிக்கொள்வது அவர்தான் என்பதால் பயந்துபோய் முழு விலையிலேயே பிடித்துவிடுவார். குறைத்துப் பிடிக்க, அல்லது பிடிக்கவே வேண்டாம் என்று சொல்ல, வருமான வரி அதிகாரியிடம் கிரயத்துக்கு முன்பே சான்றிதழ் வாங்கலாம். தம்பியிடம் இதைச் சொன்னதும், "ஒரே வரப்புதானுங்க்கா, எனக்கு ஒரு கணக்கு, உங்களுக்கு ஒரு கணக்குங்களா?" என்றான்.

அவனுக்கு அமெரிக்கக் கணக்கை இன்னும் சொல்லவில்லை. இங்கே குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் வரி. கிராமத்து விவசாய நிலம் என்ற சலுகை அமெரிக்கச் சட்டத்தில் கிடையாது. அங்கே வரி கட்டியிருந்தால் இங்கே கழித்துக்கொள்ளலாம். ஆக, நிலம் 2 கிலோமீட்டருக்கு வெளியே விழுந்து இந்தியாவில் வரி பூஜ்யம் என்று ஆனால் கழிக்கவும் ஒன்றும் இருக்காது. இங்கே முழுசாகக் கட்ட வேண்டும். லாபத்தை எண்ணும் விதமும் வேறு. இந்தியா, அப்பா வாங்கிய விலையை, பழைய சொத்தானால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை, முதலாக எடுத்துக்கொள்ளும். அமெரிக்கா, அப்பா இறந்த அன்றைக்கு நிலம் என்ன விலை பெறுமோ அதை எடுத்துக்கொள்ளும். இதில் நமக்கு லாபம்தான். ஆனால் அந்தத் தேதியின் மதிப்புக்கு ஆதாரம் காட்ட வேண்டும். வழிகாட்டி மதிப்பா, பக்கத்துக் கிரயமா, மதிப்பீட்டாளர் அறிக்கையா? போதாக்குறைக்கு, வெளிநாட்டுக்காரரிடமிருந்து வாரிசாக 1,00,000 டாலருக்கு மேல் வந்தால் அதைத் தனிப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வரி கிடையாது, தெரிவிக்காவிட்டால் அபராதம் மட்டும் உண்டு. 25 சதவீதம் வரை போகும்.

இந்த மாதிரிச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. மலேசியாவில் ஈப்போவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த குழந்தகன் செட்டியார் நிறுவனத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வருமானம் எவ்வளவு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அதை இந்தியாவும் வரிக்குச் சேர்க்கலாமா என்பதுதான் வழக்கு. இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி சேர்க்க முடியாது என்று 2004-ல் தீர்ப்பானது. விடுமா சர்க்கார்? 2008-ல் ஓர் அறிவிக்கை போட்டு, அப்படிப்பட்ட வருமானத்தை இங்கேயும் சேர்த்து, அங்கே கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம் என்று திருப்பிவிட்டது. பழைய தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு யோசனை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நம்மவர்களை இங்கே தூங்கவிடாமல் செய்வது வங்கிப் பாஸ்புக். ஊரில் அம்மா பேரில் கணக்குத் திறக்கும்போது, "இருவரில் யாராவது" என்று மகன் பேரையும் சேர்த்துவிடுவார்கள். மகன் ஒரு ரூபாய் எடுத்திருக்க மாட்டான். ஆனால் அவனுக்குக் கையெழுத்து உரிமை இருக்கும் எல்லா வெளிநாட்டுக் கணக்குகளும் சேர்ந்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அமெரிக்க நிதித்துறைக்குச் சொல்லியாக வேண்டும். 2015-ல் இந்தியாவும் அமெரிக்காவும் தகவல் பரிமாற்றத்துக்குக் கையெழுத்திட்ட பிறகு நம் ஊர் வங்கிகளே விவரம் அனுப்புகின்றன. பிட்னர் என்ற ருமேனிய அமெரிக்கருக்கு, ஐந்து வருஷத்தில் 272 முறை கணக்குச் சொல்லவில்லை என்று 27 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கேட்டார்கள். கணக்குக்கு ஒன்று இல்லை, வருஷத்துக்கு ஓர் அறிக்கை என்றுதான் எண்ண வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அபராதம் 50,000 டாலராக இறங்கியது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தப்பித்தார் மனிதர்.

தெரியாமல் விட்டவர்களுக்குச் சலுகைத் திட்டம் உண்டு. மூன்று வருஷ ரிட்டர்ன், ஆறு வருஷ அறிக்கை, ஏன் விட்டேன் என்று பிரமாண வாக்குமூலம். சிக்கல் இந்த வாக்குமூலத்தில்தான். வேண்டுமென்றே செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். உள்ளபடி என்ன நடந்தது என்று முதலில் யாரிடமாவது மனம் திறந்து சொல்ல வேண்டுமே. கணக்காளரிடம் சொன்னது கிரிமினல் வழக்கென்று வந்தால் ரகசியமாக நிற்காது; அவரையே சாட்சியாக அழைக்கலாம். வக்கீலிடம் சொன்னது நிற்கும். அதனால்தான் இங்கே வக்கீலே கணக்காளரை அமர்த்துகிறார். 1961-ல் கோவல் என்ற வழக்கில் வந்த தீர்ப்பு, அப்படி அமர்த்தப்பட்டவரையும் அதே பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. வாயைத் திறப்பதற்கு முன்னால் யாரிடம் திறக்கிறோம் என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. சம்பளச் சீட்டும் நூறு டாலர் வட்டியும் உள்ளவர் வக்கீல் வாசலை மிதித்தால் பணத்துக்குத்தான் கேடு. இங்கே அவர்கள் மணிக்கணக்கில் வாங்குகிறார்கள். பலர் மணியைப் பத்தாகக் கூறுபோட்டு ஆறு நிமிஷத்துக்கு ஒரு பில் எழுதுவார்கள். குசலம் விசாரிப்பதும் மீட்டரில் ஓடும். கட்ட வேண்டியதில் காலணா கொடுத்தால் முடித்துத் தருகிறோம் என்று ரேடியோவில் கூவும் ஆட்களை அமெரிக்க வருமான வரித்துறையே வருஷாவருஷம் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்க்கிறது. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். சொத்து விற்பனை, வாரிசு, இரண்டு நாட்டு வருமானம், 90 நாளுக்குள் வரி நீதிமன்றம் போகலாம் என்று வரும் நோட்டீஸ், வீட்டுக்கு வந்து விசாரிக்கும் அதிகாரி என்றால் மட்டும் வக்கீல். கடைசியாகச் சொன்னவர் வந்து நின்றால் "என் வக்கீல் பேசுவார்" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

தம்பி இப்போது அடங்கல் நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். அப்பா இறந்த மாதத்து வழிகாட்டி மதிப்பையும் எடுத்து வைத்திருக்கிறான். சேலத்தில் ஒரு வரி வக்கீலைப் பிடித்து, ஆடிட்டரையும் கூடவே அழைத்துப்போனான். ஆடிட்டருக்கு அதில் வருத்தமே இல்லை. நானே சொல்லலாம் என்றிருந்தேன் என்றாராம். மில்காரர்தான் அவசரப்படுகிறார். சான்றிதழ் வந்து கிரயம், அதற்கு முன்னால் ஒரு ரூபாய்கூடக் கை மாறக் கூடாது என்று தம்பி அவரிடம் சொல்லியிருக்கிறான். தள்ளிப்போவதென்றால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்கிறார். அந்தப் பேரம் இன்னும் முடியவில்லை.