கோலமாவு சொல்லும்

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய படத்தைப் பெரியம்மாவின் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை ஸ்பிட்ஃபயர் கார், 1976 மாடல், லட்சணமாக இருக்கிறது. ஆனால் கீழே நீ எழுதியிருப்பது ஒரே வரி: "ஃப்ரெண்டோட 185 டயர் போட்டுப் பார்த்தேன், மட்கார்டுல உரசுது, என்ன பண்ண?" முன்னாலா பின்னாலா, திருப்பும்போதா பள்ளத்தில் இறங்கும்போதா, ஒரு விவரமும் இல்லை. டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவன் மாதிரி இருக்கிறது. போனில் பேசினால் "சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் வண்டியும் நான் ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஹெரால்டு 1959-ல் நீ இப்போது குடியிருக்கும் கவென்ட்ரியில் பிறந்தது. வரைந்தவர் மிக்கெலோத்தி என்ற இத்தாலிக்காரர். அதே சேஸிஸைக் குட்டையாக்கி, இரண்டு சீட் வைத்து, 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்று விட்டார்கள். அதையும் வரைந்தவர் அவரே. இங்கே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 948 சிசி எஞ்சினோடு ஹெரால்டைச் செய்துகொண்டிருந்தது. நான் 1979-ல் செகண்ட் ஹேண்டாக ஒன்று வாங்கினேன். ஒரு சுற்றில் திரும்ப 25 அடி போதும் அதற்கு. தெற்கு மாட வீதியில் மாட்டையும் கீரைக்காரம்மாவையும் தொடாமல் ஒரே திருப்பில் திரும்புவேன். இன்றைக்கு லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வண்டியை நினைத்துக்கொள்கிறேன்.

வயசுக் கோளாறு. சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்துவிட்டு வந்த சூட்டில், எனக்கும் அகல டயர் வேண்டும் என்று தோன்றிவிட்டது. அகல டிஸ்க் அப்போது எங்கே கிடைத்தது? ஒரு பட்டறையில் பழைய டிஸ்க்கை நடுவில் அறுத்து, ஓர் அங்குலப் பட்டை வைத்து வெல்டிங் அடித்துத் தந்தார்கள். அந்த ஓர் அங்குலத்தையும் வெளிப்பக்கமே சேர்த்துவிட்டார்கள். உள்ளே ஒன்றும் இடிக்காதாம், வேலையும் சுலபமாம். வண்டி தோளை அகட்டிக்கொண்டு ரவுடி மாதிரி நின்றது. பெருமையாகத்தான் இருந்தது.

முதல் ஞாயிறே வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு திருவான்மியூர் கோயிலுக்குக் கிளம்பினேன். அடையாறு பாலம் ஏறி இறங்கும்போது இடது முன் சக்கரத்தில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். பெரியம்மா, "அம்மியில யாரோ அரைக்கிற மாதிரி இருக்கே" என்றாள். இறங்கிப் பார்த்தால் டயர் தோளில் கத்தியால் இழைத்த மாதிரி வட்டமாக ஒரு கோடு.

மறுநாள் பட்டறையில் மட்கார்டு விளிம்பைக் கொஞ்சம் வெட்டிவிடலாம் என்றார்கள். நல்லவேளை, அன்றைக்குக் கையில் காசில்லை. வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மாவின் கோலமாவு டப்பா கண்ணில் பட்டது. கொஞ்சம் மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, நான்கு மட்கார்டுகளின் உள் விளிம்பிலும், முன் சக்கரங்களுக்கு உள்ளே சேஸிஸிலும் பூசினேன். காய்ந்த பிறகு, முழுத் திருப்பு இடது, முழுத் திருப்பு வலது, ஒரு பள்ளம், பின் சீட்டில் ஆள், என்று ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கே உரசியதோ அங்கே மட்டும் மாவு போய் இரும்பு பளபளத்தது. இடது முன் மட்கார்டின் மேல் விளிம்பு, இரண்டு விரல் அகலம். வலது பக்கம் மாவு அப்படியே இருந்தது.

ஒரே டிஸ்க், ஒரே டயர், ஒரு பக்கம் மட்டும் ஏன் உரசவேண்டும்? உன் வண்டியிலும் இதே கதை இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். நம் இரண்டு வண்டிக்கும் முன் மட்கார்டு தனியாகக் கிடையாது, பானட்டோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கிறது. கீல் போல்ட்டைத் தளர்த்தினால் பானட் முழுசும் நகரும். என் வண்டியில் யாரோ எப்போதோ இடித்துக் கட்டியதில் அது கால் அங்குலம் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. இடது சக்கரத்துக்கு இடம் குறைந்துபோனது அதனால்தான். ஸ்பேனரால் சரிசெய்தேன். பாதி உரசல் போயிற்று, செலவில்லாமல். கத்திரி எடுப்பதற்கு முன் உன் பானட்டின் இரண்டு பக்க இடைவெளியையும் அளந்து பார்.

பின் சக்கரம் வேறு கதை. அது ஊஞ்சல் மாதிரி ஆடும் ஆக்ஸில். ஜாக்கியில் தூக்கினால் சக்கரத்தின் கால் உள்ளே போகும், தலை வெளியே சாயும். இறக்கிய பிறகும் சற்று நேரம் அப்படியே கோணிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் அளந்தால் அளவு பொய். இறக்கியதும் வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் தள்ளிவிட்டு அளக்கவேண்டும். உன் வண்டி 1970-க்குப் பிந்தியது, ஸ்ப்ரிங்கைத் திருத்தியிருப்பார்கள், கோணல் குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் டிக்கியில் அரிசி மூட்டை இரண்டு போட்டு, ஆளையும் உட்காரவைத்து அளந்துவிடு. (இந்த ஆக்ஸில் நம்மூர் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவே இல்லை. பின்னால் வந்த கெஸல் காரில் ஸ்டாண்டர்டுகாரர்களே அதை எடுத்துவிட்டார்கள்.) ஸ்ப்ரிங் பட்டை படுத்திருந்தால் எந்த டயர் போட்டாலும் உரசும். முதலில் அதைப் பார்.

இப்போது அளவு. உன் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 155 அகலம், 13 அங்குல டிஸ்க். இங்கே வேகன்-ஆரில் ஓடுவதும் அதே அளவுதான், சிரிக்காதே. அந்த டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 578 மில்லிமீட்டர். 175/70 போட்டால் 575. உயரம் மாறவில்லை, அகலம் மட்டும் 20 மில்லிமீட்டர் கூடுகிறது, பக்கத்துக்குப் பத்து. 185/70 என்றால் உயரமும் 589 ஆகிவிடும். அகலத்திலும் கூடி உயரத்திலும் கூடினால் எங்கேயாவது இடிக்கத்தானே செய்யும்? 185/60 போட்டால் 552-க்கு இறங்கும். உரசல் குறையலாம், ஆனால் மீட்டர் ஓடாத வேகத்தைக் காட்டும், ஏற்கெனவே தாழ்ந்த வண்டி இன்னும் தாழும்.

டிஸ்க் மாற்றுவதாக இருந்தால் ஐந்தரை அங்குலத்துக்கு மேல் போகாதே. கூடுகிற அகலம் உள்ளும் வெளியும் பங்காக விழவேண்டும். முழுக்க வெளியே தள்ளினால் மட்கார்டு தின்னும், முழுக்க உள்ளே தள்ளினால் முழுத் திருப்பில் ஆன்டி-ரோல் பாரில் இடிக்கும். ஸ்பேசர் போட்டுத் தள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். என் அறுத்த டிஸ்க் செய்ததும் அதே வேலைதான். ஆறே மாதத்தில் பின் பேரிங் வண்டுபோல ரீங்காரம் போட ஆரம்பித்தது. நம் வண்டிகளின் பின் ஹப்பும் ஆக்ஸிலும் ஒல்லி, அந்த நெம்பலைத் தாங்காது.

எல்லாம் செய்தும் பின் மட்கார்டில் மயிரிழை உரசினால், விளிம்பை வெட்டாதே, உள்பக்கமாக மடித்துவிடு. பெயின்ட்டை முதலில் சூடுபண்ணி, நாலு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக. குளிரில் மடித்தால் பெயின்ட் வெடிக்கும், வெடித்த இடத்தில் உங்கள் ஊர் மழைக்குத் துரு ஏறிவிடும். மழை என்றதும் இன்னொன்று. உன் வண்டி ஏறத்தாழ 800 கிலோ. அவ்வளவு லேசான வண்டியில் டயர் அகல அகல, தேங்கிய தண்ணீரில் மிதக்கும். சோழவரத்தில் பிப்ரவரி வெயிலில் பார்த்த அகலத்தை டிசம்பரில் ஆர்.கே. மட் சாலைத் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்.

அங்கே 40 வயது தாண்டிய வண்டிக்கு வருடாந்திரச் சோதனை கிடையாது என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் சோதிக்கவேண்டியவன் நீதான். டிஸ்க் மாற்றினால் இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடு.

பேரிங் போன பிறகு என் ஹெரால்டு கடைசிவரை பழைய டிஸ்க்கில், பழைய அகலத்தில்தான் ஓடியது. அறுத்து ஒட்டிய நான்கும் மாடிப்படி அடியில் துருப்பிடித்துக் கிடக்கின்றன, எடைக்குப் போடப் பெரியம்மா வருஷா வருஷம் கேட்கிறாள்.

அங்கே இந்தியன் கடையில் கோலமாவு கிடைக்காவிட்டால் சாக்பீஸ் பொடி போதும். நண்பனின் டயர் மாட்டியிருக்கும்போதே பூசி ஓட்டிவிட்டு, நான்கு மட்கார்டையும் உள்ளிருந்து படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்க்காமல் புது டயருக்குப் பணம் கட்டாதே.

அன்புடன்,
உன் பெரியப்பா