பாடு

மகள் பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சென்ற வாரம் ‘த்ரவாயே’ என்ற வினையின் திரிபுகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வேலை செய்தல் என்று பொருள். அகராதியில் அதன் வேரைத் தேடிப் பார்த்தபோது சற்றே திடுக்கிட்டேன்.

பிற்கால இலத்தீனில் ‘திரிபாலியும்’ என்பது மூன்று கழிகளாலான வதைக்கருவி. அதிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் ‘த்ரவாயே’, பழைய பிரெஞ்சில் வதைத்தல், வருந்துதல், பிரசவ வேதனைப்படுதல் என்றே வழங்கியிருக்கிறது. வேலை செய்வதற்கு அப்போது ‘ஊவ்ரே’ என்று வேறொரு சொல் இருந்தது. 16ஆம் நூற்றாண்டையொட்டி அதன் இடத்தை இது பிடித்துக்கொண்டது. இந்த வேர்விளக்கத்தை ஐயுறும் மொழியியலாளர்களும் உண்டு. ஆங்கிலத்தின் ‘டிராவல்’ இச்சொல்லின் கிளைதான். கூடுவாஞ்சேரியில் காலை மின்ரயிலைப் பிடித்துக் கடற்கரை நிலையம்வரை நின்றபடியே செல்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாடு, குதிரைகளுக்கு லாடம் அடிக்கையில் அவற்றை அசையாமல் நிறுத்தும் மரச்சட்டத்துக்கும் பிரெஞ்சில் ‘த்ரவாய்’ என்றே பெயர். எங்கள் ஊரில் சட்டம் கிடையாது. கால்களைக் கயிற்றால் பிணைத்து, மாட்டைச் சாய்த்துப் படுக்க வைத்துத்தான் அடிப்பார்கள். தலையை அப்பா பிடித்துக்கொள்வார். அதன் கண்களைக் காணப் பொறாமல் நான் நந்திவரம் ஏரிக்கரைக்கு ஓடியிருக்கிறேன்.

தமிழும் இதற்கு விலக்கல்ல. ‘படு’ என்பதிலிருந்து ‘பாடு’. துன்பமும் பாடு, உழைப்பும் பாடு. ‘பாடுபட்டான்’ என்றால் உழைத்தானா, வருந்தினானா? உழவு அதிகாரத்தில் வள்ளுவர் ஆளும் ‘உழத்தல்’ என்ற வினைக்கும் வருந்துதல் என்றே உரைகாரர்கள் பொருள் கொண்டார்கள்.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். மாடுகளை விற்று, நிலம் மனைகளாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

“அப்படின்னா இப்ப நீங்க சந்தோஷமா இருக்கணுமே, தாத்தா” என்றாள்.

அவர் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்குன்னு ஒரு பாடும் இல்லையேம்மா” என்றார்.

அது நிம்மதியடைந்தவரின் குரலாக இல்லை. நான் அகராதியை மூடி வைத்தேன்.